குற்றம் என்னவென்று சொல்லாத சிறை

கென்ய நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் மறைந்தார். பிறிதொரு நாள் இரவு நம் விடுதி உணவுக் கூடத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் விசாரணையின்றி ஓராண்டு சிறையில் இருந்தவர் என்று நான் சொன்னேன். எதிரே அமர்ந்திருந்த நண்பர், "காரணமில்லாமலா ஒரு பேராசிரியரைப் பிடித்துப் போடுவார்கள்?" என்றார். நண்பரும் என்னைப் போல் விஞ்ஞானம் பயில்பவர், நல்லவர். அந்த எளிய கேள்விக்கு ரசம் ஆறுவதற்குள் என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று காண்போம். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவராக இருந்தவர் கூகி. ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். 1977 ஜூலையில் அவருடைய 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. விடுதலை பெற்ற கென்யாவில் ஏழையின் நிலம் யார் கைக்குப் போயிற்று என்பதை அந்நூல் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. அதை வெளியிட்டு வைத்தவர் யார் தெரியுமா? அந்நாட்டின் நிதி அமைச்சர் முவாய் கிபாகி! நூலுக்குத் தடை இல்லை. ஆசிரியருக்குத் தொல்லையும் இல்லை.

அதே ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். லிமுரு என்ற ஊரை அடுத்த கமிரீத்து கிராமத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் குடியானவர்களும் கூடும் கல்வி நிலையம் ஒன்று இருந்தது. அம்மக்களுக்காகக் கூகி வா மீரீ என்பவரோடு சேர்ந்து, தம் தாய்மொழியாகிய கிக்கூயு மொழியில் ஒரு நாடகம் எழுதினார். 'நான் விரும்பும்போது மணப்பேன்' என்பது அதன் பெயரின் பொருள். ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்துப் பெருமைப்படும் ஒரு கூலித் தொழிலாளி, பக்திமானாக வேடமிட்ட ஒரு செல்வனிடம் அந்நிலத்தை இழக்கும் கதை. ஒத்திகை பார்க்க வந்த கிழவர்கள், "இந்த இடத்தில் இப்படிப் பேச மாட்டோம்" என்று வசனங்களைத் திருத்தினார்கள். திறந்தவெளி அரங்கைக் கிராமத்தாரே தம் கையால் கட்டினார்கள். நடித்தவர்களும் அவர்களே. 1977 அக்டோபர் 2-இல் தொடங்கிய நாடகத்துக்கு மக்கள் திரண்டனர். நவம்பர் 16-இல் அரசு அனுமதியை ரத்துச் செய்தது. டிசம்பர் கடைசியில் ஓர் இரவு போலீசார் அவர் வீட்டுக்கு வந்து, அலமாரிகளைக் குடைந்து, அவரை அழைத்துச் சென்றனர். அதன்பின் அவர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். விஷயம் ஒன்றே, மொழிதான் வேறு. ஆங்கிலத்தில் சொன்னபோது அமைச்சர் வந்து வாழ்த்தினார். உழவனுக்குப் புரியும் மொழியில் சொன்னபோது போலீஸ் வந்தது. எழுத்தைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை, அது யார் காதில் விழுகிறது என்பதைக் கண்டே அஞ்சினார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றும் விளக்கம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். காரணம் இருந்திருக்கலாம். நாடகம் வகுப்புப் பகையை மூட்டும் என்று அதிகாரிகள் உண்மையாகவே நம்பியும் இருக்கலாம். அப்படியானால் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, "இந்த வரி, இந்தச் சட்டம், இந்தக் குற்றம்" என்று காட்டியிருக்க வேண்டும். அவர் மீது குற்றப் பத்திரிகையே இல்லை. அவருடைய நடவடிக்கைகளும் பேச்சும் நல்லாட்சிக்கு ஆபத்து என்ற அளவில் பொதுவாக ஒரு வாக்கியம், அவ்வளவே. எந்தப் பேச்சு? எந்த நாள்? இதற்கு எப்படி மறுப்பு எழுதுவது? சோதனையின் அளவுகளைக் காட்டாமல் முடிவை மட்டும் அறிவிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையை நம் பேராசிரியர்கள் ஏற்பார்களா? "ஏதோ அளந்துதான் இருப்பார்" என்று விட்டுவிடுவார்களா? குற்றவாளியைத் தண்டிக்க மட்டும் விசாரணை ஏற்படவில்லை. குற்றம் சாட்டுபவர் தம் காரணத்தை நாலு பேர் முன் வைத்து நிறுவ வேண்டும் என்பதற்கும்தான் அது ஏற்பட்டது.

இத்தகைய சிறைக்கு முடிவுத் தேதியும் கிடையாது. ஏழாண்டுத் தண்டனை பெற்றவன் நாட்களை எண்ணலாம். விசாரணையின்றிக் கிடப்பவன் எதை எண்ணுவான்? கமிதிச் சிறையில் கூகி அப்படித்தான் கிடந்தார். பல்வலிக்கு வைத்தியம் பார்க்க வெளியே செல்வதானால் கைவிலங்கு பூட்ட வேண்டும் என்றனர். குற்றம் நிரூபிக்கப்படாத எனக்கு விலங்கு எதற்கு என்று மறுத்தார், வலியோடு இருந்தார். குடும்பத்தாரைக் காண்பதற்கும் அதே நிபந்தனை. அவர் உள்ளே இருந்தபோது பிறந்த மகளின் முகத்தை முதலில் புகைப்படத்தில்தான் கண்டார். அங்கே கொடுத்த முரட்டுக் கழிப்பறைத் தாளில், கிக்கூயு மொழியில், ஒரு நாவலை எழுதினார். எந்த மொழியில் எழுதியதற்காக உள்ளே போனாரோ, அதே மொழியில்! காவலர்கள் ஒருமுறை அதைக் கைப்பற்றிப் பின் திருப்பிக் கொடுத்தார்கள். உடலுக்கு முரடான தாள் பேனாவுக்கு நன்றாக இருந்ததாம்.

இதில் பெரிய விந்தை ஒன்று உண்டு. அப்போது கென்யாவின் தலைவர் ஜோமோ கென்யாட்டா. 1952-இல் ஆங்கிலேயர் அவரையே கைது செய்து, 1953-இல் ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தவர்கள். அவருடைய மக்களில் பல்லாயிரம் பேரை விசாரணையின்றி முகாம்களில் அடைத்தவர்கள். அந்நியன் விட்டுச் சென்ற பூட்டைச் சுதேசி அரசு தூக்கி எறியவில்லை. எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டது.

நாம் மட்டும் எறிந்துவிட்டோமா? நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவே தடுப்புக் காவலுக்கு இடம் தருகிறது. 1950-இல் சென்னை மாநிலத்தில் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார். சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் காவலுக்கான காரணங்களைக் கோர்ட்டிலும் வெளியிடக் கூடாது என்ற 14-ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்றனர். 1980-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதன்படி ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை காவலில் வைக்கலாம். நம் சட்டத்தில் காரணம் தெரிவிக்க வேண்டும், ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும் என்ற வேலிகள் உண்டு. உண்மைதான். ஆயினும் பொது நலனுக்கு ஊறு என்று கருதும் தகவலை அதிகாரி மறைத்துக்கொள்ளலாம் என்றும் அதே 22-ஆம் பிரிவு சொல்கிறது.

1978 ஆகஸ்டில் கென்யாட்டா காலமானார். கூகியைக் கைது செய்ய ஆணையிட்ட டேனியல் அரப் மோய் தலைவரானார். டிசம்பர் 12-இல் அவரே விடுவித்தார். குற்றம் என்னவென்று அப்போதும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பழைய பதவி திரும்பக் கிடைக்கவில்லை. 1982-இல் போலீசார் கமிரீத்துக்குச் சென்று அந்தத் திறந்தவெளி அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் மூன்றாண்டுகளாக இங்கே செய்யும் ஆராய்ச்சியை இன்றுவரை என் தாயாருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னதில்லை. விடுமுறைக்குச் சென்றால், "ஏதோ மிஷினில் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். கூகியின் கதையைப் படித்த பிறகு, அது எனக்குச் சொல்லத் தெரியாததா, சொல்ல நினைக்காததா என்ற ஐயம் விடாமல் உறுத்துகிறது.

கழிப்பறைத் தாளில் எழுதிய அந்த நாவல் 1980-இல் கிக்கூயு மொழியில் அச்சாயிற்று. எழுத்தறியாதவர்களுக்கு வீட்டிலும் மதுக்கடையிலும் பிறர் உரக்கப் படித்துக் காட்டினார்கள். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது. என்னிடம் ஒரு படி உண்டு. ரசத்தின் நடுவே கேள்வி கேட்ட நண்பர் முதலில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் திருப்பித் தந்ததும் வேண்டியவர்கள் என் அறைக்கு வரலாம்.