ரிங் ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்காதது ஏன்?

வீட்டுப் பட்டறைக்கு முதலில் ரிங் ஸ்பேனர் செட் வாங்குங்கள். ஏன்? துருப்பிடித்த நட்டை ஓப்பன் ஸ்பேனரால் திருகினால், எதிரெதிர் முனைகள் இரண்டில்தான் அழுத்தம் விழும். ஸ்பேனரின் வாய் சற்றே விரியும், நழுவும், முனை மழுங்கும். ரிங் ஸ்பேனரோ நட்டைச் சுற்றிப் பிடித்து, விசையை ஆறு முனைகளுக்கும் பகிர்கிறது.

நீளம் எப்படி உதவுகிறது? விசையையும் கைப்பிடி நீளத்தையும் பெருக்கினால் வருவது திருப்புவிசை. 200 நியூட்டன் விசையை 15 செ.மீ. தள்ளிக் கொடுத்தால் 30 நியூட்டன் மீட்டர், 30 செ.மீ. தள்ளிக் கொடுத்தால் 60. சிறிய போல்ட் இதைத் தாங்காமல் முறியும். அதனால்தான் சிறிய ஸ்பேனர்களைக் குட்டையாகச் செய்கிறார்கள். கைப்பிடியில் குழாய் செருகி நீட்டாதீர்கள். வாங்கும்போது நட்டில் மாட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லாததையே எடுங்கள்.