முக்குளிப்புக் கருவிகளை வாடகைக்கு எடுக்கும் முன்

பள்ளி விடுமுறையில் நம் தோட்டத்து மக்களும் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குப் போய் வருகிறார்கள். அங்கே கடற்கரைக் கடைகளில் முக்குளிப்புக் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கும். கலியாண வீட்டுக்கு நாற்காலி எடுப்பதுபோல் இவற்றை எடுத்துவிடக் கூடாது. நீருக்கடியில் நம் மூச்சு இவற்றைத்தான் நம்பியிருக்கிறது.

பிள்ளைகள் முதலில் கேட்பது முகக் கண்ணாடியும், ஸ்னோர்க்கல் எனும் வளைந்த குழாயும். கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்குச் சற்றுச் சிரமந்தான்.

குழாயை ஐந்தடி நீளமாக்கினால் ஆழத்துக்குப் போகலாமே என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அழுத்துவதால், மேலிருந்து காற்றை இழுப்பது மிகக் கடினம். அதோடு, வெளியே விட்ட மூச்சே நீண்ட குழாயில் தங்கித் திரும்ப உள்ளே வரும்.

ஆழத்துக்குப் போக ஸ்கூபா வேண்டும். 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ஜாக் குஸ்டோவும் பொறியாளர் எமில் கான்யானும் இதற்கான வால்வை அமைத்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், காரை எரிவாயுவால் ஓட்டுவதற்குச் செய்த வால்வைத்தான் மாற்றியமைத்தார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அது காற்றைத் தரும்.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சாதாரணக் காற்றுதான். சுமார் 11 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 2,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றைக் கம்ப்ரெஸ்ஸர் கொண்டு அடைக்கிறார்கள். அந்தக் கம்ப்ரெஸ்ஸர் காற்றை இழுக்கும் இடத்தருகே இன்ஜின் புகை வந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு மணம் கிடையாது. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் உடனே மறுத்துவிடலாம். வாடை இல்லை என்பதற்காக நல்ல காற்று என்று முடிவுகட்டவும் முடியாது. ஆகவே, புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நம் கண்ணாலேயே பார்ப்போம். சிலிண்டரின் கழுத்தருகே அழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதையும் படிப்போம்.

நல்ல கடைக்காரர் முதலில் நம் பயிற்சி அட்டையைக் கேட்பார். இல்லையென்றால் பயிற்சியாளர் ஒருவரைக் கூடவே இறக்குவார். காரணம் உண்டு. ஆழத்தில் சுவாசித்த காற்று மேலே வர வர விரியும். பயிற்சியில்லாதவர் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் நுரையீரல் கிழிந்துவிடும். ஒன்றுமே கேட்காமல் சிலிண்டரை நீட்டும் கடையில், பிள்ளைகளுக்குக் கண்ணாடியைக்கூட வாங்காமல் அடுத்த கடைக்குப் போவோம்.