மலையேறும் வண்டியின் மூச்சு

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

முன்னுரை

ஒரு புறம் மேகமலை, மறு புறம் கேரள எல்லை மலைகள். இடையே முல்லைப் பெரியாற்று நீரால் செழித்துக் கிடப்பது நம் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதையும், போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடைபெறுவதையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் திராட்சையும் வாழையும் தக்காளியும் தாமே நடந்து சந்தைக்குச் செல்வதில்லை. குமுளிப் பாதை, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்னும் மலைவழிகளில் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஏறி இறங்கும் சிறு சரக்கு வண்டிகளே அவற்றைச் சுமக்கின்றன. விடியுமுன்னே தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகளும் அதே வழிகளில் புறப்படுகின்றன.

என் தாய்மாமாவிடம் அப்படிப்பட்ட பிக்கப் வண்டி ஒன்று உண்டு. தேனியில் காய்கறி ஏற்றிப் போடி மெட்டு வழியாக மலைக்குமேல் உள்ள கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பார். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் இரு வீட்டிலும் அடுப்பெரியும். என் படிப்புச் செலவும் அதிலிருந்தே வந்தது. அந்த வண்டி ஒரு முறை நோயுற்றது. அந்நோயே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

டீசலும் காற்றும்

வண்டி டீசலில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மையே. மீதிப் பாதி காற்று. ஒரு கிலோ டீசல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 0.83 கிலோ. ஆகவே அதற்கு வேண்டிய காற்று 12 கிலோ. அதாவது ஏறத்தாழ 10,000 லிட்டர்! ஒரு லிட்டர் டீசலுக்குப் பணம் கொடுக்கும் நாம், பத்தாயிரம் லிட்டர் காற்றை இலவசமாகப் பெறுவதால் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் அன்னையரிடம் கேட்டால் போதும். அடுப்பில் விறகை மேன்மேலும் திணித்தால் தீ வளர்வதில்லை, புகைதான் வளரும். ஊதுகுழலை எடுத்து ஒரு முறை ஊதினால் அதே விறகு சுடர்விட்டு எரியும். கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையும் அதுவே. எஞ்சினுக்கும் இதே விதிதான். எரியாத டீசல் கரும்புகையாய் வெளியேறும். அதற்குக் கொடுத்த காசும் அப்புகையோடு போகும்.

மலையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. போடி மெட்டின் உயரத்தில் காற்று, கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு மெலிந்திருக்கும். சுமையோ குறைவதில்லை, ஏற்றமோ கூடுகிறது. எஞ்சினுக்கு அதிக மூச்சு தேவைப்படும் இடத்தில்தான் காற்று மெலிகிறது.

காற்றைத் திணிக்கும் கருவி

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று தானே உள்ளே வருகிறது. 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது, மிகுந்து போனால் 2,500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். இதைவிட அதிகம் வேண்டுமானால் காற்றை அழுத்தித்தான் புகுத்த வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது சூப்பர் சார்ஜர். எஞ்சினின் தண்டிலிருந்து பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ ஓட்டப்படும் காற்றுப் பம்ப் இது. காற்றைப் பம்ப் மூலம் செலுத்தும் முறைக்கு ஜெர்மானியரான காட்லிப் டெய்ம்லர் 1885 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆக்சிலேட்டரை மிதித்த அக்கணமே பயன் தருவது இதன் சிறப்பு. ஆனால் பம்பைச் சுழற்றும் ஆற்றல் எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுவதால் டீசல் செலவு கூடும். அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை ஃபோர்டு நிறுவனம் விற்ற எஃப்-150 லைட்னிங் என்ற பிக்கப் வண்டியில் 5.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு இக்கருவி இருந்தது. அது வேகத்தை விரும்புவோருக்கான வண்டி. வாடகைக்கு ஓடும் வண்டியன்று.

இரண்டாவது டர்போ சார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைப் பார்க்கிறோம். டர்போவை உள்ளங்கையில் அடங்கும் காற்றாலை எனலாம். ஆனால் இது நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்! வீணாகும் பொருளிலிருந்து ஆற்றலைப் பெறுவதால்தான் நம் நாட்டுச் சரக்கு வண்டிகளில் டர்போவே இடம்பெற்றது. மலைமேல் காற்று மெலியும்போது டர்போ சற்று வேகமாகச் சுழன்று, அந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவு. ஆகவே டர்போ உறங்கும். மிதித்த பிறகு அது விழித்தெழச் சிறிது நேரமாகும். போடி மெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் சந்திக்கும் தொல்லை இதுதான். வளைவில் வேகம் குறைகிறது, சுற்று இறங்குகிறது, திரும்பியவுடன் மிதித்தால் வண்டி இழுக்காமல் புகையைக் கக்குகிறது. வளைவுக்குள் நுழையுமுன்னே ஒரு கியர் குறைத்துச் சுற்றைக் காப்பாற்றிக்கொள்வதே இதற்கு மருந்து. சிறு சரக்கு வண்டிகளின் டர்போ டீசல் எஞ்சின்கள் பொதுவாக 1,500 முதல் 2,200 சுற்று வரையிலுள்ள இடைவெளியில் நன்றாக இழுக்கும். நல்ல ஓட்டுநரின் காது அந்த இடைவெளியை மீட்டர் இல்லாமலே அறியும்.

மாமாவின் வண்டி

மாமாவின் வண்டி பழையது. கணினி இல்லாத, திருகாணிகளால் சீர்செய்யும் டீசல் பம்ப் கொண்டது. அந்தப் பம்பின் தலையில் ஒரு சிறு சவ்வு உண்டு. டர்போ அனுப்பும் காற்றழுத்தத்தை ஒரு மெல்லிய குழாய் வழியே அது உணரும். அழுத்தம் கூடினால் டீசலைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும். காற்று இல்லாமல் டீசல் போகக் கூடாது என்பதற்காக அமைத்த காவற்காரன் அது.

ஒரு மாதம் வண்டி ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. முந்தல் தாண்டியதும் இரண்டாம் கியர்; புலியூத்துக்கு மேல் முதல் கியர். மாமா ஒரு பட்டறையில் காட்டினார். அங்கிருந்த இளைஞர் பம்பின் திருகாணியைத் திருகி டீசலைக் கூட்டிவிட்டார். வண்டி ஓரளவு இழுத்தது உண்மைதான். ஆனால் பின்னால் வருவோர் முகம் சுளிக்கும் அளவுக்குக் கரும்புகை. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9 ஆகக் குறைந்தது. எஞ்சின் சூடும் ஏறியது. மாதக் கடைசியில் வண்டித் தவணைக்குப் பணம் போதவில்லை. மாமா கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, "வண்டிய வித்துரலாமா மாப்ள?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் பம்பைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை உயர்த்தச் சொல்லி, குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "உஸ்" என்ற மெல்லிய ஓசை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டு செல்லும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அடியில், விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு! "வண்டிக்குச் சாப்பாடு குறையலை தம்பி, மூச்சுதான் குறைஞ்சிருக்கு" என்றார் அவர்.

எல்லாம் விளங்கிற்று. குழாயில் காற்றுக் கசிந்தது, அழுத்தம் குறைந்தது, காவற்காரச் சவ்வு தன் கடமையைச் செய்து டீசலைக் குறைத்தது, வண்டி இழுக்கவில்லை. நாமோ நோயைத் தேடாமல் காவற்காரனை ஏமாற்றிவிட்டோம். புதுக் குழாய் போட்டு, காற்று வடிகட்டியை மாற்றி, பம்பைச் சோதனை மேடையில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தபின் புகை நின்றது. நான் ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து வகுத்துப் பார்த்தேன். பத்து நடைகளின் சராசரி மீண்டும் 11 ஐத் தொட்டது.

சீரமைப்பு என்பது எது?

வண்டியை ட்யூன் செய்வது என்றால் சக்தியைக் கூட்டுவது என்றே பலர் எண்ணுகின்றனர். சக்தியை எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட, எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்று அறிவதே முதற்பாடம்.

சுமையோடு 3,000 கிலோ எடையுள்ள வண்டி போடியிலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றல் சுமார் 2.94 கோடி ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் உண்டு. நல்ல டீசல் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை உழைப்பாக மாற்றும். ஆகவே உயரத்திற்கு மட்டுமே சுமார் இரண்டரை லிட்டர் டீசல் செலவாகும். இது மலைக்குச் செலுத்தும் வரி. எந்தத் திருகாணியும் இதைக் குறைக்காது. "மலையிலும் மைலேஜ் இரட்டிப்பாகும்" என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கை நினைவில் கொள்க.

குறைக்கக் கூடியவை வேறு. அடைத்த காற்று வடிகட்டி, கசியும் குழாய், தேய்ந்து போய்ச் சரியாகத் தூவாத நாசில், முந்தியோ பிந்தியோ டீசல் தெளிக்கும் பம்ப், மாறிப்போன வால்வு இடைவெளி, வழுக்கும் கிளட்ச், உரசிக்கொண்டே ஓடும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியன ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திருடும். இவற்றைச் சரிசெய்த பிறகும் குறை இருந்தால்தான் பம்பைத் திறக்க வேண்டும். முதலில் காற்று, பிறகே டீசல் என்னும் வரிசை மாறக் கூடாது.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில் திருகாணிக்குப் பதில் உணர்விகளும் கணினியும் டீசலை அளக்கின்றன. அந்தக் கணினியின் நிரலை மாற்றி "இழுவை" கூட்டித் தருவோரும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, கணினி வந்ததால் இயற்கையின் விதி மாறிவிடவில்லை. காற்றுக்கு மிஞ்சிய டீசல் அன்றும் புகை, இன்றும் புகை. அதன் வெப்பம் முதலில் டர்போவையும் பிறகு பிஸ்டனையும் தின்னும்.

இறங்கும்போது

ஏறுவதற்கு ஒரு கணக்குப் போட்டோம். இறங்கும்போதும் அதே கணக்கு உண்டு. ஏறிய வண்டி அதே எடையோடு இறங்கினால், சேர்த்து வைத்த 2.94 கோடி ஜூலும் எங்கேனும் வெப்பமாகக் கழிய வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால், அந்த வெப்பத்தில் பெரும்பங்கு பிரேக் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்கினால் பிரேக்குக்கு உதவும் கருவியும் சில மிதிகளில் ஓய்ந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கியரில் இறங்கி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் எஞ்சினுக்கு அநேகமாக டீசலே செல்வதில்லை. நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே டீசல் வேண்டும். ஆகவே நியூட்ரலில் மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை; இழப்போ உயிர். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று ஓட்டுநர்கள் சொல்வது இயற்பியல் அன்றோ!

மெட்டை அடைந்ததும் உடனே எஞ்சினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவதும் நல்லது. செந்தணலாய்க் காய்ந்த டர்போவின் தண்டுக்கு, ஓடும் எண்ணெய்தான் குளிர்ச்சி தரும். எண்ணெய் நின்றால் அங்கேயே கருகிப் படியும்.

முடிவுரை

கல்லூரியில் நாம் படிக்கும் வெப்பவியல் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. அது முந்தலிலும் புலியூத்திலும் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது. நம்மில் பலருடைய தந்தையும் மாமனும் அண்ணனும் அந்த வண்டிகளில் இருக்கின்றனர். ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் நம் தாய்மாரும் இருக்கின்றனர். அடுத்த முறை வீட்டு வண்டி கரும்புகை விட்டால், திருகாணியைத் தேடுமுன் ஒரு நிமிடம் குனிந்து அதன் மூச்சைக் கேட்டுப் பாருங்கள்.

மாமாவின் வண்டி இன்றும் ஓடுகிறது. சென்ற விடுமுறையில் நானும் உடன் சென்றேன். பதினேழாம் வளைவு திரும்பியதும் மாமா கண்ணாடியில் பின்புறம் பார்த்தார். புகை இல்லை. வேறொன்றும் சொல்லாமல் கியரை மாற்றினார்.