மரமஞ்சளும் உப்புச் சர்க்கரை நீரும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் வயிற்றுப்போக்கும் உடன் வந்துவிடுகின்றது. லாஸ்பேட்டையில் நாம் குடியிருக்கும் தெருவில், ஓர் ஐப்பசி மாதத்தில், இரண்டு வயதுக் குழந்தையொன்று திண்ணையில் துவண்டு கிடக்கக் கண்டோம். கண்கள் குழிவிழுந்திருந்தன, நாக்கு உலர்ந்திருந்தது. அடுப்பில் மரமஞ்சள் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. "குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா அம்மா?" என்று வினவினோம். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அல்லவா ஐயா போகும்? காலையிலிருந்து ஒரு வாய் கூடக் கொடுக்கவில்லை" என்றார் குழந்தையின் பாட்டி. உடனே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம், குழந்தை பிழைத்தது. பாட்டியின் அன்பிலும் குறைவில்லை, அவர் தேடிய மூலிகையிலும் பிழையில்லை. முதலில் செய்யவேண்டியது எது என்பதில்தான் தவறு நேர்ந்தது.

மரமஞ்சள் என்பது நாம் சமையலில் இடும் மஞ்சளன்று. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் ஒரு கொடியின் தண்டு. அதன் மஞ்சள் நிறத்திற்கும் கைப்புக்கும் காரணம் பெர்பெரின் என்னும் பொருளாகும். இதே பொருள் சீன தேசத்தார் 'ஹுவாங்லியன்' என வழங்கும் வேரிலும் உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் சீன மருத்துவர், வயிற்றுப்போக்குக்கு இவ்வேருடன் வேறு மூன்று சரக்குகளைச் சேர்த்துக் கஷாயம் வகுத்தார். அவற்றுள் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் அதிமதுர வகையைச் சேர்ந்தது. கடல் கடந்த இரு நாட்டாரும் ஒரே கசப்பை நாடிச் சென்றது வியப்புக்குரியதே.

அக்கசப்பு பயன் தருமா? டாக்காவில் வயிற்றுப்போக்கு நோயாளர் 165 பேரிடம் பெர்பெரினைக் கொடுத்துச் சோதித்தனர். முடிவு 1987ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஈ.கோலி என்னும் கிருமியின் ஒருவகையால் வந்த பேதியில் நல்ல பலன் தெரிந்தது. காலராவிலோ பலன் சிறிதே. இம்மருந்தில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேருகின்றது. பெரும் பங்கு குடலிலேயே தங்கி, அங்கு வாழும் பாக்டீரியாக்களால் மாற்றம் அடைகின்றது. எனினும், பச்சிளங் குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிருக்கும் இது தீங்கு செய்யலாம். ஆதலின், வைத்தியர் சொல்லாமல் இதனைக் கொடுத்தலாகாது.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது உடலைவிட்டு நீரும் உப்பும் வெளியேறுதலே. சிறுகுடலில் சர்க்கரை உட்செல்லும்போது உப்பையும் தன்னுடன் இழுத்துச் செல்லும். உப்பின் பின்னே நீர் செல்லும். காலராக் கிருமியின் நஞ்சு கூட இவ்வழியை அடைத்துவிடுவதில்லை. 1971ஆம் ஆண்டில் வங்காளத்து அகதிகள் பனகாவுன் முகாமில் காலராவால் மாண்டுகொண்டிருந்தபோது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாத்திரங்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். அவரது பராமரிப்பில் இருந்தோருள் இறந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. 2022இல் அவர் மறைந்த பின்னர், 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

அந்நீருக்கு ஒரு குறை உண்டு. அது உயிரைக் காக்கும். பேதியை விரைவில் நிறுத்தாது. இக்குறையைப் போக்கும் வழியை ஆராய்ந்தவர்கள் நம் அண்டையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை, லிட்டருக்கு 50 கிராம் வீதம் அந்நீரில் கலந்தனர். அம்மாவு பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. அதிற் பிறக்கும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்ச உதவுகின்றன. காலரா நோயாளர் 48 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான நீர் பருகியோருக்குப் பேதி நிற்கச் சுமார் 91 மணி நேரம் ஆயிற்று. இம்மாவு கலந்த நீர் பருகியோருக்குச் சுமார் 57 மணி நேரமே. அரிசி மாவு கலந்தது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நின்றது.

இதைப் படித்தபோது நம் பாட்டிமார் கொடுத்த உப்பிட்ட கஞ்சி நினைவுக்கு வந்தது. கஞ்சியும் மோரும் கொடுத்தோர் நன்றே செய்தனர். பட்டினி போட்டோரே பிழை செய்தனர். கடையில் தாமே நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவோரையும் இங்கே கூறவேண்டும். அது நோய்க் கிருமியுடன் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும். சிலருக்கு அதுவே பேதியை உண்டாக்கும். காலராவுக்கோ இரத்தபேதிக்கோ அது தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அதன்மேல் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரைக்கவேண்டும். பொட்டலம் இல்லையேல், காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. அளவில் கை தாராளம் வேண்டா. ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் சிறுகச் சிறுகப் புகட்டவேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும், 14 நாள் நிறையும் வரை கொடுக்கவேண்டும்.

குழந்தை குடிக்க மறுத்தாலும், மயங்கினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் வெகுநேரம் இல்லையெனினும் கஷாயத்திற்கு அடுப்பை மூட்டிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்படுக. போகும் வழியெல்லாம் அந்நீரைப் புகட்டிக்கொண்டே செல்க. 2022ஆம் ஆண்டு ஜூலையில் காரைக்காலில் காலரா கண்டு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நம் பகுதியார் மறந்திரார். தெருக் குழாயில் கலங்கலோ நாற்றமோ தெரிந்த அன்றே எழுத்து மூலம் புகார் செய்து, சரிசெய்யப்படும் வரை நீரைக் கொதிக்கவைத்தே பருகுக.