மகன் லொறி ஓட்டப் போகிறார்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் படித்தவர். "மௌலவி, மகனுக்கு லொறி வேலை கெடச்சிருக்கு. நாளைக்கு முதல் பயணம். துஆ செஞ்சிக்கோங்க" என்றார். நல்ல செய்திதான். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயமே கூடுதலாகத் தெரிந்தது.

துஆச் செய்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மகனே என்னைத் தேடி வந்தார். மெலிந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தேநீர் குடித்துக்கொண்டே தன் தொழிலைப் பற்றிச் சொன்னார். இரவில் கண்விழித்துப் பிள்ளையையோ கணவரையோ எதிர்பார்த்திருக்கும் நம் சகோதரிகளுக்கு அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மலையிலிருந்து சந்தைக்கு

அவருடைய வேலை நுவரெலியாவிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருவது. பின்னேரம் மூடைகள் ஏறும். விடியுமுன் சந்தையில் இறங்க வேண்டும். பிந்தினால் விலை விழுந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. றம்பொடை, புசல்லாவ, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கி, பேராதனையில் கொழும்பு வீதியைப் பிடித்து, கடுகண்ணாவ இறக்கத்தையும் கடந்தால்தான் மாவனல்லை, கேகாலை வரும்.

வாகனம் ஓட்டத் தெரிந்தவர் எல்லோரும் லொறி ஓட்டிவிட முடியாது. அதனால்தான் கனரக வாகனத்துக்கு வேறாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருக்கிறது. கையில் பத்திரம் இருந்தாலும் பாரத்தோடு மலை இறங்குவதைப் பாதைதான் கற்றுத் தருகிறது. முதல் இரு வாரமும் ஒரு மூத்த சாரதி அவரோடு கூடப் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவாயோ, இறங்கும்போதும் அந்தக் கியரில் இறங்கு."

காரணம் இதுதான். சிறிய கியரில் இறங்கினால் என்ஜினே வாகனத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கருகல் மணம் வீசி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உருட்டுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் என்ஜினின் பிடி முழுதாக இல்லாமல் போய்விடும். சில ரூபாய் மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது.

புறப்படுமுன் லொறியைச் சுற்றி வந்து டயர், சக்கர நட்டு, விளக்கு எல்லாம் பார்க்க வேண்டும். காற்றுப் பிரேக் உள்ள லொறியானால் காற்று நிரம்பியதை மானியில் பார்த்த பின்பே நகர்த்த வேண்டும். பாரமான மூடைகள் அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் வளைவில் லொறி சாயப் பார்க்கும். கயிறும் தாப்பாயும் கட்டியாயிற்று என்று இருந்துவிடாமல், சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். குலுக்கத்தில் மூடைகள் அமுங்கிக் கயிறு தளர்ந்துவிடும்.

பின்னால் எடுக்கும்போது கிளீனர் கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் மறைந்த அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். நம் நாட்டுச் சாரதி வலப்புறம் அமர்வதால் இடப்பக்கக் கதவருகே வருபவரும், முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி நிற்கும் சிறு பிள்ளையும் அவருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லும் தாய்மாரும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வினாடி

இவ்வளவையும் சொன்னவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "மௌலவி, உம்மாட்ட சொல்லாத ஒண்டு இருக்கு" என்றார்.

ஒரு நாள் பகலில் வீட்டில் விருந்தாளிகள். அவர் தூங்கவில்லை. அன்றிரவு வரக்காப்பொலையைத் தாண்டியதும் கண் இமைத்ததுபோல்தான் இருந்ததாம். கிளீனர் கத்திய சத்தத்தில் விழித்தபோது லொறி வீதியோரப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் கிருபை, எதிரே யாரும் இல்லை.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் மூன்று வினாடியில் 50 மீற்றர் ஓடிவிடும். அந்த 50 மீற்றரையும் ஓட்டுநர் இல்லாத லொறிதான் ஓடுகிறது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் கலந்தவரின் நிதானத்துக்கு ஒப்பாகக் குறைந்துவிடும் என்று 1990 களிலேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். மதுவைத் தொட்டும் பார்க்காத நம் பிள்ளை தூக்கமில்லாமல் ஓட்டினால் மது குடித்தவரைப்போல் ஓட்டுகிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடியலுக்கு முந்திய மணித்தியாலங்களில்தான் உடல் மிகவும் சோர்கிறது. கண்ணாடியைத் திறந்து வைப்பதும், வானொலியைச் சத்தமாகப் போடுவதும், வெற்றிலை மெல்லுவதும் தூக்கத்தை விரட்டாது. தேநீரும் வேலை செய்யச் சுமார் அரை மணித்தியாலமாகும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இருபது நிமிடம் கண்ணயர்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

அதற்குப் பின் ஓரிரவு அவர் அப்படித்தான் ஓரங்கட்டித் தூங்கினார். லொறி பிந்தியது. முதலாளி ஏசினார். "வேலை போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. வீட்டில ரெண்டு தங்கச்சிமார்" என்றார். நான் சொன்னேன்: "ஏச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். லொறியும் சரக்கும் அமானிதம். அதைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. அதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் வேறு இடம் தேடுவோம்."

தாயின் தொலைபேசி

விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார். "உம்மா ராவைக்கு நாலஞ்சு தரம் கோல் எடுப்பாங்க. 'எங்க மகன் இருக்கீங்க?' எண்டு கேட்பாங்க. எடுக்காட்டிப் பயந்து போவாங்க. அதனால வளைவிலயும் ஒரு கையால எடுத்துப் பேசுறன்."

அந்தத் தாயின் அன்பில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்த அன்பே பிள்ளையின் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுகிறது. அவருடைய சம்மதத்தோடு நானும் என் மனைவியும் தாயைப் போய்க் கண்டோம். புல்லில் ஓடிய கதையை மகனே சொன்னார். தாய் அழுதார். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அன்று அந்த வீட்டில் பேசி முடிவானவை சாதாரண விடயங்கள்தான். இனித் தாய் அழைப்பதில்லை. கம்பளையிலும் கேகாலையிலும் லொறியை நிறுத்தியதும் மகனே அழைப்பார். இரவுப் பயணமுள்ள நாளில் பகல் முழுக்க அவருடைய அறையில் திரை போட்டு வைப்பார்கள். விருந்தாளி வந்தாலும் எழுப்புவதில்லை. கல்யாண வீட்டுக்கு வரவில்லை என்று உறவினர் குறைப்பட்டால் தாயே பதில் சொல்லிக்கொள்வார். சுபஹுக்கு வழியிலுள்ள பள்ளியில் நிறுத்தினால் தொழுகையும் நிறைவேறும், உடலும் ஓய்வெடுக்கும். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று விரட்டக்கூடாது. ஈத்தம்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும். பிரயாணிக்கு மார்க்கம் தந்த சலுகைகளும் இருக்கின்றன.

சகோதரிகளே, புதிதாக லொறி ஓட்டத் தொடங்கியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முதலாளியின் அவசரத்தையும் மலைப்பாதையின் வளைவையும் நம்மால் மாற்ற முடியாது. அவர் தூங்கும் பகலைக் காப்பாற்றித் தர நம்மால் முடியும். "பிந்தினாலும் பரவாயில்லை, நித்திரை வந்தால் நிறுத்துங்க" என்று வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பவும் முடியும். வீட்டார் இப்படிச் சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு ஓரங்கட்டித் தூங்க வெட்கம் வராது.

போன வாரம் அந்தத் தாயை வழியில் கண்டேன். "இப்ப ரெண்டு தரம்தான் கோல் வருது மௌலவி. அதுக்கிடையில நானும் கொஞ்சம் தூங்குறன்" என்றார். வீதியில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக.