அடுக்குப் பாறைக்குள் ஒரு பெரிய மண்டபம்

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கே தோண்டினாலும் வருவது மணலும் களிமண்ணும்தான். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்; கெட்டிப் பாறை எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு மாறாக, பாறை மேலேயே இருக்கும் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து, 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் சேமிப்புக் குகைகளை அமைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குகை எப்படி இடியாமல் நிற்கிறது? சுற்றியுள்ள பாறைதான் அதைத் தாங்குகிறது. குடைந்தெடுத்த பாறை அதுவரை சுமந்த பாரம், இருபுறச் சுவர்களுக்கும் கூரைக்கும் இடம் மாறுகிறது. ஒரே பாளமாக இருக்கும் பாறை இதைச் சமாளித்துவிடும். அடுக்கடுக்கான பாறைதான் சிக்கல். ஓலைச்சுவடியைக் கட்டவிழ்த்துத் தூக்கினால் ஏடுகள் தொய்கின்றன. இறுக்கிக் கட்டினால் மரப்பலகைபோல் விறைக்கிறது. கணக்கும் அதையே சொல்கிறது: ஒரே தடிமனுள்ள பத்து அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிணைந்தால், விறைப்பு நூறு மடங்கு கூடும். அதற்காகத்தான் கூரையில் துளையிட்டு ராக் போல்ட் எனும் எஃகுக் கம்பிகளைச் செருகி, மேலே ஷாட்கிரீட் எனும் தெளிப்புக் கான்கிரீட்டைப் பீய்ச்சுகிறார்கள். அகலத்தில் பேராசை கூடாது. தட்டையான அடுக்கு தன் எடையாலேயே தொய்வது, அகலம் இரட்டித்தால் பதினாறு மடங்காகும்.

அடுக்குகள் சாய்ந்திருந்தால் திசை முக்கியம். குகையின் நீளவாக்கு அடுக்குகள் ஓடும் திசைக்குக் குறுக்கே இருப்பது நல்லது. இணையாக அமைந்தால் ஒரு சுவரில் பாறைப் பலகைகள் உள்ளே சரியப் பார்க்கும். இடையில் களிமண் படலம் இருந்து, அதில் நீரும் இறங்கினால் பிடிமானம் மேலும் குறையும். என் கருத்தில், எத்தனை போல்ட் என்பதைவிட இந்தத் திசைத் தேர்வே பெரிய முடிவு. குடைந்த பிறகு அதை மாற்றவே முடியாது.

பூடானில் இந்திய உதவியுடன் கட்டிய தாலா நீர்மின் நிலையம் (1,020 மெகாவாட்) அடுக்குப் பாறையின் சிக்கலுக்கு நல்ல பாடம். பாறையைக் குடைந்து அமைத்த அதன் இயந்திரக்கூடம் சுமார் 206 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 44 மீட்டர் உயரம். அங்கே கெட்டியான குவார்ட்சைட்டும் மெலிந்த ஃபில்லைட்டுமாகப் பாறை அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. சுவர்கள் உள்நோக்கி நகர, போல்ட்டுகள் முறிந்தன. மின் உற்பத்தி தொடங்கிய பிறகும் முறிவு நிற்கவில்லை.

இந்தியாவில் இத்தகைய குகைகளை அளந்து கண்காணிக்கும் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் பிறந்தது கோலார் தங்கவயலில். நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து, பாறை வெடிப்புகளில் உயிரையும் கொடுத்த சுரங்கம் அது.

குடைவதும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. முதலில் உச்சியில் ஒரு சுரங்கவழி. அதை அகலப்படுத்தி போல்ட் போட்ட பிறகே படிப்படியாகக் கீழிறங்குவார்கள். ஒவ்வொரு படியிலும் துளைக்குள் பொருத்திய எக்ஸ்டென்சோமீட்டர் பாறை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று காட்டும். நகர்ந்த அளவோடு, அதன் வேகத்தையும் பொறியாளர் பார்க்கிறார். நாளுக்கு நாள் வேகம் குறைந்தால் அடுத்த படி. குறையாவிட்டால் வேலையை நிறுத்தி, இன்னும் நீளமான போல்ட்டுகள்.