‘ரிஷ்யூ’: ஒரு சொல்லாராய்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார் ஒருநாள் மாலை கடித உறையொன்றுடன் என் இல்லத்திற்கு வந்தார். அவர் வாழைத் தோட்டக்காரர். அவருடைய மனைவியாரின் கழுத்திலிருந்த கட்டியை வைத்தியர்கள் சோதித்து ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை அவ்வுறையினுள் இருந்தது. அதனை எழுத்துக்கூட்டி வாசித்தவருக்கு ஒரேயொரு சொல் மாத்திரம் விளங்கிற்று, விளங்கியதே வினையாயிற்று. “மாஸ்ரர், இதிலை ரிஷ்யூ எண்டு கிடக்கு. உள்ளுக்குப் பேப்பரை வைச்சுத் தைச்சுப்போட்டினமோ?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த ரிஷ்யூ, உணவுச்சாலை மேசையிலே பெட்டியிலிருந்து உருவிக் கை துடைக்கும் கடதாசி. அறிக்கை குறிப்பிட்டதோ கட்டியிலிருந்து சோதனைக்காக எடுத்த சிறு துண்டு. “சதையிலை ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாத்திருக்கினம், பயப்பட ஒண்டுமில்லையாம்” என்று கூறி அவரை அனுப்பினேன். ஆயினும் கடதாசிக்கும் உடம்பின் உள்ளுறுப்புக்கும் ஒரே பெயர் வந்த காரணத்தை அவர் கேட்டிருந்தால், ஆங்கிலம் கற்பிக்கும் நான் அன்று விடையின்றித் திகைத்திருப்பேன். பின்னர் தேடியறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

ரிஷ்யூ என்பது பிறப்பால் கடதாசியுமன்று, சதையுமன்று, அது துணி. இலத்தீன் மொழியிலே ‘தெக்ஸெரே’ என்றால் நெய்தல். அவ்வினையடியாகப் பழைய பிரெஞ்சு மொழியில் ‘நெய்யப்பட்டது’ என்னும் பொருளில் ‘திஸ்ஸூ’ என்ற சொல் தோன்றிற்று. அதுவே 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தினுள் புகுந்தது. துணியைக் குறிக்கும் ‘ரெக்ஸ்ரைல்’ என்பதும், பாடநூலைக் குறிக்கும் ‘ரெக்ஸ்ற்’ என்பதும் இதற்கு உடன்பிறந்தவை. நெய்த பொருளுக்கும் எழுதிய பொருளுக்கும் ஒரே வேர் அமைந்தது கண்டு தமிழ் மாணவன் வியக்க வேண்டியதில்லை. பஞ்சினின்று திரிப்பதும் நூல், புலவன் இயற்றுவதும் நூல் என வழங்குபவர் நாம். நன்னூலார் இவ்விரண்டையும் உறுப்புக்கு உறுப்பாக ஒப்பிட்டே விளக்கியுள்ளார்.

ஆங்கிலேயர் இச்சொல்லை முதலில் வழங்கியது எளிய துணிக்கு அன்று. சோசரின் ‘திரோயிலசும் கிரிசெய்டும்’ என்னும் காவியத்தில், போர்க்களத்தினின்று மீளும் வீரனின் சிதைந்த தலைக்கவசம் அவன் முதுகுப்புறத்தே தொங்குகின்றது. அதனைத் தாங்கி நிற்கும் பட்டியின் பெயர் ரிஷ்யூ. ஷேக்ஸ்பியரின் நாடகத்திலே கிளியோபாற்றாவின் படகில் விரித்த கூடாரம் பொன்னிழை பாய்ந்த ரிஷ்யூவினால் ஆனது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1510இல் இயற்றப்பட்ட உடைச் சட்டமொன்று, கோமகன் என்னும் நிலைக்குக் கீழ்ப்பட்ட ஆடவர் எவரும் பொன் ரிஷ்யூ அணியலாகாது என விதித்தது. இன்று உண்டபின் உதட்டைத் துடைத்து எறியும் பொருளின் பெயரை அன்று உடம்பில் தரிப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை!

அப்பழம் பொருள் இங்கிலாந்தில் பெரும்பாலும் மறைந்துபோக, நம் புடைவைக்கடைகளில் உயிருடன் இருக்கின்றது. பட்டுப் பாவிலே சரிகையை ஊடையாக ஓட்டி நெய்த, ஒளி ஊடுருவும் சேலையை வணிகர் ‘ரிஷ்யூ’ என்றே விற்கின்றனர். கடதாசி போல் மெல்லியதாதலின் அப்பெயர் வந்தது என்று பலர் எண்ணுவர். உண்மையில் கடதாசிதான் துணியிடமிருந்து பெயரைக் கடன் வாங்கியது. உறவினர் வீட்டுத் திருமணமொன்றிற்குச் சேலை எடுக்கச் சென்றபோது விலையைக் கேட்ட எனக்கு, 1510ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தமிழில் ‘இழை’ என்பது நூலையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். ஆயிழை, சேயிழை என்று பெண்களை அழைப்பது அணிகலன் பற்றியே. நூலும் ஆபரணமும் ஒரு சொல்லில் கூடியிருத்தல் இரு மொழிக்கும் பொதுவாயிற்று.

கடதாசிக்கு இப்பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். விலையுயர்ந்த ரிஷ்யூத் துணியின் மடிப்புகளுக்கிடையே ஒன்றோடொன்று உராயாதவாறு மெல்லிய தாளை வைத்தனர் என்றும், அதனால் தாள் துணியின் பெயரைப் பெற்றது என்றும் ஒரு விளக்கம் உண்டு. கை துடைக்கும் தாளின் வரலாறு மிக அண்மையது. முதலாம் உலக யுத்தத்தில் பஞ்சுக்குப் பதிலாகக் காயங்கட்டப் பயன்பட்ட மரக்கூழ்ப் பொருளை, யுத்தம் முடிந்தபின் என்ன செய்வது என்று அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் ஆராய்ந்தது. அதன் பயனாக 1924இல் ‘கிளீனெக்ஸ்’ சந்தைக்கு வந்தது. அதுவும் பெண்கள் முகப்பூச்சைத் துடைப்பதற்கென்றே. மூக்குச் சிந்தும் வழக்கத்தை வாங்கியோர் தாமே கண்டுபிடித்தனர்.

இவ்விடத்தில் ‘ரொயிலற்’ என்ற சொல்லையும் சொல்லிவிடுதல் நன்று. மாணவர் சிரிப்பர், சிரிக்கட்டும். அதுவும் அதே நெசவு வேரில் பிறந்து, பிரெஞ்சு மொழியில் ‘சிறு துணி’ எனப் பொருள்பட்ட சொல். ஒப்பனை மேசைமீது விரித்த துணிக்கு வழங்கிய பெயர், பின்னர் மேசைக்கும், ஒப்பனைக்கும், ஒப்பனை அறைக்கும் ஏறி, இறுதியில் கழிப்பறைக்கு இறங்கிற்று. ஆகவே ரொயிலற் ரிஷ்யூ என்னும் தொடரில் உள்ள இரு சொற்களும் ஒரே தறியிலிருந்து வந்தவை.

இனி உடம்பிற்கு வருவோம். 1682இல் தாவரங்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய நெகேமியா குரூ என்னும் ஆங்கிலேயர், தாம் நுணுக்குக்காட்டியில் கண்டதைப் பெண்கள் திண்டின்மேல் வைத்துப் பின்னும் லேசுக்கு ஒப்பிட்டார். ஆயினும் இச்சொல்லை உடற்கூற்றியலில் நிலைநாட்டியவர் பாரிஸ் நகர வைத்தியரான பிஷா. இவர் நுணுக்குக்காட்டியை நம்பாதவர். பிணங்களை அறுத்து, உறுப்புகளை ஊறவைத்தும், அவித்தும், உலர்த்தியும், அமிலத்திலிட்டும் ஆராய்ந்தார். உறுப்புகள் பலவாயினும் அவற்றை ஆக்கிய ‘துணிகள்’ சிலவே என்று கண்டு, 21 வகை என எண்ணினார். நோய் உறுப்பு முழுவதையும் பற்றுவதன்று, அதிலுள்ள ஒரு துணியைப் பற்றுவது என்னும் கருத்தும் அவருடையதே. 1802இல் அவர் இறந்தபோது வயது முப்பதுதான். பின்னர் 1819இல் இத்துறைக்கு ‘ஹிஸ்ரோலொஜி’ என்று பெயரிட்ட மாயரும் தறியையும் அதில் நெய்ததையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டார்.

ஆனால் 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் உயிருடம்புகள் கலங்களால் ஆனவை என நிறுவியபோது, பாவும் ஊடையும் அங்கே இல்லையென்பது வெளிப்பட்டது. நெய்தது என்ற கருத்துப் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. பிளக்க முடியாதது என்று பொருள்படும் ‘அற்றம்’ பிளக்கப்பட்ட பின்னரும் அப்பெயருடனேயே இருப்பதைப் போன்றது இது.

இலங்கையில் விஞ்ஞானம் தமிழிற் புகுந்த காலத்தில், கலைச்சொல் ஆக்கியோர் இதற்கு ‘இழையம்’ என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டார் ஒலியைத் தழுவித் ‘திசு’ என்றனர். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரொருவர் திசுவின் பக்கம் நிற்பவர். “இழையம் என்றவுடன் பிள்ளைகள் நூலைத் தேடுகின்றனர். புடைக்கலவிழையத்தை வரையச் சொன்னால், கலங்களை விட்டு நார்களை வரைகின்றனர். திசு ஒன்றும் சொல்லாத சொல், ஆகையால் பொய்யும் சொல்லாது” என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆங்கிலப் பிள்ளையின் காதில் ரிஷ்யூ என்னும்போது தறியின் ஓசை கேட்பதில்லை. தமிழ்ப் பிள்ளையின் காதிலோ இழையம் என்னும்போது இழை கேட்டே தீரும். பிஷாவின் உவமை தன் சொந்த மொழிகளில் மங்கிப்போக, நம் மொழியில் புதிதாகத் துலக்கப்பட்டிருக்கின்றது.

எனினும் நான் இழையத்தின் பக்கமே நிற்பேன். தசையிழையம், நரம்பிழையம், தொடுப்பிழையம், இழையவியல் என ஒரு வேரினின்று ஒரு குடும்பமே தழைத்துள்ளது. திசுவுக்குத் தமிழில் உறவினர் இல்லை. அன்றியும் உவமை எங்கும் பொய்த்துவிடவில்லை. கலம் பிரியும்போது நுணுக்குக்காட்டியிற் காணப்படும் நூல்போன்ற உருக்களை வைத்து, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1882இல் வால்தர் பிளெமிங் பெயரிட்டதை நாம் இழையுருப்பிரிவு என்கின்றோம். அங்கே இழை மெய்யாகவே கண்ணுக்குத் தெரிகின்றது.

பொய்யை ஆங்கிலேயர் ரிஷ்யூ என்பதும் உண்டு. ஒன்றோடொன்று பின்னிய பொய்களைப் பொய்த் துணி என்பது அவர் வழக்கு. நாம் அதைத் துணியாக விரிக்காமல் மூட்டையாகவே கட்டிவிடுகின்றோம்.

அறிக்கையுடன் வந்த அந்தத் தந்தையாரைச் சில மாதங்கள் கழித்து அவருடைய தோட்டத்தில் கண்டேன். மனைவியார் நலமாயிருந்தார். ஒரே உயரமாய் நின்ற இளவாழைகளைக் காட்டி, “இது இழைய வளர்ப்புக் கண்டு, மாஸ்ரர்” என்றார். இழையம் என்றால் என்ன என்று நான் அறியாதவன் போல் கேட்டேன். “குருத்து நுனியிலை துளியளவு வெட்டியெடுத்து, போத்திலுக்கை வைச்சு வளர்க்கிறது. அந்தத் துளிதான் இழையம்” என்று விளக்கினார். அன்று மாலை நான் ‘சதை’ என்று சுற்றிவளைத்திருக்கத் தேவையில்லை. உரிய சொல் அவரிடமே இருந்திருக்கின்றது.